சுகர் தானாக இறங்கினால் சந்தோஷப்படலாமா?

டாக்டருக்கு வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. 18 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. போன வருடம் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டி பெரிதாக இருப்பதால் அறுவை சிகிச்சை முடியாது என்று சொல்லி மாத்திரை கொடுத்து வருகிறார்கள். எடை 11 கிலோ குறைந்துவிட்டது. சாப்பாடும் பாதிதான். நாலைந்து மாதமாக அவருடைய சுகர் தானாகவே இறங்கி வந்தது. நடுவில் ஒரு மாதம் மட்டும் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கியது. "இந்தக் கஷ்டத்திலும் சுகராவது குணமாயிற்றே" என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

சென்ற வாரம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அவர் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. தடுத்தபோது "நீ யார்?" என்று கேட்டு என் கையைத் தட்டிவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. மெஷினில் பார்த்தால் 41. "சர்க்கரை கொடுக்காதே, புற்றுக்கு அதுதான் தீனி" என்றார் சித்தப்பா. நான் பயந்துகொண்டே இரண்டு ஸ்பூன் கரைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறோம். வாந்திக்கும் பசிக்குமாக ஐந்து வாரம் கொடுத்த டெக்சாமெத்தசோன் இரண்டு வாரத்துக்கு முன்பு தீர்ந்துவிட்டது. நான் சர்க்கரை கொடுத்தது தப்பா? அப்பா ஏன் என்னை யாரோ மாதிரிப் பார்த்தார்?

– ஒரு மகள்

அன்புள்ள சகோதரி,

இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். உங்கள் மருத்துவரை உடனே அழைத்து, கிளிமிபிரைடை முழுவதும் நிறுத்தலாமா என்று கேளுங்கள், டெக்சாமெத்தசோன் என்றைக்கு நின்றது என்பதைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், உங்கள் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடக்கிறது. நடந்தது என்ன என்று தெரியாமலேயே போய்விடுகிறது.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது சரி. 41 என்பது விளையாட்டான எண் அல்ல. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், நினைவு தப்பியிருக்கலாம். குறை சொல்ல வேண்டுமென்றால், இரண்டு ஸ்பூன் போதாது. அடுத்த முறை மூன்று அல்லது நான்கு ஸ்பூன் போடுங்கள்.

சித்தப்பா மேல் கோபம் வேண்டாம். அவர் சொன்னதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. புற்று செல்கள் குளூக்கோஸை அளவுக்கு மீறி இழுக்கும் என்பதை ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கண்டுபிடித்துவிட்டார். இன்று எடுக்கும் பெட் ஸ்கேனே அந்தப் பசியைப் படம் பிடிக்கும் வித்தைதான். ஆனால் அங்கிருந்து "சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும்" என்று தாவுவதுதான் தப்பு. வாய் வழியாகச் சர்க்கரை போகவில்லை என்றால், உடம்பு தன் தசையைக் கரைத்தாவது குளூக்கோஸ் செய்துகொள்ளும். கட்டி அதில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது அப்பாவும் அவருடைய மூளையும்தான். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளூக்கோஸ். அதைச் சேமித்து வைக்க அதற்கு இடமும் கிடையாது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நோய்க்குப் பெயர் சர்க்கரை. டப்பாவில் இருப்பதும் சர்க்கரை. ரத்தத்தில் ஓடுவதும் சர்க்கரை. "சர்க்கரை குறைந்தது" என்று காதில் விழுந்தால், 18 வருடம் அதைக் குறைப்பதற்கே பாடுபட்ட குடும்பத்துக்கு அது நல்ல செய்தியாகத்தான் கேட்கும். அதனால்தான் இந்தப் பதிலுக்கு இப்படி ஒரு தலைப்பு வைத்தேன். எடை போய், சாப்பாடு போய், அதோடு சுகரும் இறங்குகிறது என்றால் நோய் குணமாகிறது என்று அர்த்தமில்லை. யாரோ அதை இழுத்து இறக்குகிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதல் சந்தேகம் கட்டி மேல் வரவில்லை, மாத்திரை மேல்தான் வந்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பிட்டாரா, வாந்தி எடுத்தாரா என்று அது பார்க்காது. தட்டு காலியாக இருந்தாலும் தன் வேலையைச் செய்யும். 11 கிலோ எடை அதிகமாக இருந்து, மூன்று வேளையும் சாப்பிட்ட மனிதருக்கு எழுதிய அளவு அது. அந்த மனிதர் இப்போது இல்லை. போதாததற்கு, அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலே பழுதாகி நிற்கிறது. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் இன்னும் நீண்ட நேரம் தங்கும். பாதி மாத்திரை என்றால் பாதி ஆபத்து என்று கணக்குப் போடாதீர்கள். இன்சுலின் ஊசிக்கும் இதே பேச்சுதான். மெட்பார்மினும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால், அது தனியாகச் சுகரை இப்படி இறக்குவது அபூர்வம். ஆனாலும் கல்லீரல் கெட்டு, சாப்பாடும் குறைந்தவருக்கு ரத்தத்தில் அமிலம் சேரும் என்ற வேறொரு பயம் அதில் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

"சுகர் மாத்திரையை வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது" என்று நாங்கள்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அந்தப் பாடம் இங்கே பொருந்தாது. இவருடைய நிலையில் சுகர் 150 இருந்தாலும் 200 இருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இல்லாதவரை 250ஐத் தொட்டாலும் பரவாயில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி சோதனைக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். ரத்தசோகை இருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண்ணை நம்பவும் முடியாது.

அடுத்தது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. டெக்சாமெத்தசோன் "தீர்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் ஒரு மாதம் சுகர் ஏறியது என்றீர்களே, அது இந்த மருந்தின் வேலை. டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சுகரை ஏற்றும். அது ஏறியிருந்த நாட்களில் கிளிமிபிரைடின் ஆபத்து வெளியே தெரியாமல் மறைந்திருந்தது. ஸ்டீராய்டு நின்றதும் கீழே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்கின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், "நமக்கு வேலையில்லை" என்று அவை தூங்கிவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுத்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அவை உடனே எழுந்து வருவதில்லை. கார்டிசால் இல்லாத உடம்பில் சுகர் இறங்கும், ரத்த அழுத்தம் இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், வாந்தி வரும், கை கால் அசைக்க முடியாத களைப்பு வரும். இதையெல்லாம் பார்த்து "புற்றுநோய்ப் பலவீனம்" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். மருத்துவர்களும் அப்படி நினைத்து விட்டுவிடுவதுண்டு. இந்த இரண்டு வாரத்தில் அப்பா முன்பைவிடத் துவண்டு போயிருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காலையில் கார்டிசால் அளவு பார்ப்பார்கள். நிலைமை மோசமாக இருந்தால் முடிவு வருவதற்கு முன்பே ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுவிடுவார்கள். அதுதான் சரியான முறையும்கூட. இதைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புற்றுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, ஸ்டீராய்டே சாப்பிடாமலும், அட்ரினலுக்குக் கட்டளையிடும் பிட்யூட்டரி சுரப்பியோ அட்ரினலோ பழுதாகி இதே நிலை வரலாம்.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகும் சுகர் இறங்கினால்தான் கல்லீரலையும் கட்டியையும் பார்க்க வேண்டும். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 100 கிராம். இரவில் நாம் தூங்கும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுக்கும். அப்பாவுக்கு நாலு மணிக்கு ஏன் இறங்கியது என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. சேமிப்பு குறைந்த கல்லீரல் நடுநிசிவரை தாக்குப்பிடித்துவிட்டு, விடிவதற்குள் கையை விரித்துவிட்டது. ஆனால் கல்லீரலுக்குத் தாங்கும் சக்தி அதிகம். அதன் பெரும்பகுதி அழிந்தால்தான் அது மட்டுமே காரணமாக இருக்கும். "கல்லீரலில் புற்று இருக்கிறது, அதனால்தான் சுகர் லோ" என்று யாராவது ஒரே வரியில் முடித்தால், அதோடு கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சலோ குளிர் நடுக்கமோ சேர்ந்து வந்தால் அது கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுவதாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் காய்ச்சலே வராமல் சுகர் இறங்குவது மட்டுமே முதல் அடையாளமாக இருப்பதும் உண்டு. அது அவசரம்.

கடைசியாகக் கட்டி. உங்கள் அப்பாவைப் போலக் கல்லீரலில் பெரிய கட்டி உள்ளவர்களுக்கு இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். சில கட்டிகள் ஐ.ஜி.எஃப்-2 என்ற பொருளை அளவில்லாமல் செய்கின்றன. அதுவும் முழுதாகச் செப்பனிடாத, அளவில் பெரிய வடிவில். அது இன்சுலின் இல்லை. ஆனால் இன்சுலினின் பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. தசையைக் குளூக்கோஸை இழுக்கச் சொல்லும், கல்லீரலைக் கொடுக்காதே என்று தடுக்கும். கல்லீரல் புற்றால் சுகர் இறங்கியதை 1929லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வருடமே டோகே, பாட்டர் என்ற இரண்டு மருத்துவர்கள், நுரையீரலைச் சுற்றிய உறையில் வளரும் நார்க்கட்டியோடு இதே நிலை வருவதைத் தனித்தனியாக எழுதினார்கள். இன்றும் அதற்கு அவர்கள் பெயர்தான்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கதை கேட்கிற ஆசை உள்ளவர்களுக்காக. இன்சுலினைக் கண்டுபிடித்ததே 1921ல்தான். 1927க்குள் கணையத்தில் இன்சுலினைக் கொட்டும் புற்றுக்கட்டி ஒன்றை அமெரிக்க மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். 1929ல் டொரோன்டோவில் ரோஸ்கோ கிரஹாம் அப்படி ஒரு கட்டியை வெட்டி எடுத்து நோயாளியைக் குணப்படுத்தினார். இன்சுலினோமா என்ற இந்தக் கட்டி மிக அபூர்வம். அதிலும் பத்தில் ஒன்பது புற்று அல்ல. ஆகவே சுகர் லோ என்றதும் இணையத்தில் தேடி "இன்சுலினோமா" என்று பயந்துபோய் எனக்கு எழுதுகிறவர்களுக்கு, உங்களுக்கு அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் பதில் எழுதுகிறேன்.

எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? சுகர் இறங்கிய அந்த நேரத்திலேயே எடுத்த ரத்தம் வேண்டும். மறுநாள் தெளிந்து உட்கார்ந்த பிறகு எடுத்தால் பயன் குறைவு. அந்த ரத்தத்தில் குளூக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு (கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளிவிடும் பொருள்), கார்டிசால், கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) பார்ப்பார்கள். இன்சுலினும் சி-பெப்டைடும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கணையம் சுரக்கிறது: மாத்திரை தட்டியிருக்கும், இல்லையென்றால் இன்சுலினோமா. இன்சுலின் மட்டும் உயர்ந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் அது ஊசியில் வந்த இன்சுலின். இரண்டும் தாழ்ந்து, கீட்டோனும் தாழ்ந்திருந்தால் ஐ.ஜி.எஃப்-2 மேல் சந்தேகம் வலுக்கும். பட்டினியால் இறங்கியிருந்தால் கீட்டோன் ஏறியிருக்க வேண்டுமே! மருத்துவமனையில் ஊசி ஏற்கனவே கையில் இருந்தால் ரத்தத்தை எடுத்துவிட்டு அடுத்த நொடி குளூக்கோஸ் ஏற்றுவார்கள். வீட்டில் இதற்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஒரு விதத்தில் பாதிச் சோதனையை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் 1930களில் மூன்று நிபந்தனை சொன்னார். அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் சுகர் குறைவாக இருக்க வேண்டும், சுகர் ஏறியதும் அறிகுறி மறைய வேண்டும். திருப்பிப் போட்ட சட்டை, 41, அரை மணியில் தெளிவு. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

மெஷினைப் பற்றியும் கொஞ்சம். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் எண் பொய்யாக ஏறும்; கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரல் ஜில்லிட்டிருந்தால் அது காட்டும் எண்ணை முழுதாக நம்ப முடியாது, மறுபடி பார்க்க வேண்டும். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே சாய்ந்து படுத்தால் அழுத்தத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தப் புற்றில் வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருந்தால், லேப் குழாயிலேயே அவை குளூக்கோஸைத் தின்றுவிட்டு இல்லாத லோ சுகரைக் காட்டும். ஆனால் ஆள் குழம்பியிருக்கும்போது மெஷினோடு வாதம் வேண்டாம். முதலில் சர்க்கரை, பிறகு ஆராய்ச்சி.

மயக்கமாக இருக்கும் புற்றுநோயாளி ஒருவரிடம் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வலிக்கு மார்ஃபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூங்கித் தூங்கி விழுந்தார். மார்ஃபின் மயக்கம் என்று முடிவு கட்டி அளவைக் குறைத்தேன். வலி திரும்பியது, தூக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் காலை, இரவுப் பணி முடிந்து கிளம்ப வேண்டிய நர்ஸ் ஒருவர் என்னைக் கேட்காமலேயே விரலைக் குத்திப் பார்த்தார். 38. குளூக்கோஸ் ஏறி முடிப்பதற்குள் அந்த மனிதர் கண்ணைத் திறந்து வலிக்கிறது என்றார். இரண்டு நாள் வலியை நான் சும்மா கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து யார் தூங்கி வழிந்தாலும் முதலில் விரல்தான்.

சரி, இன்றிரவு என்ன செய்வது? சுகர் 70க்குக் கீழே வந்தால் சிகிச்சை தேவை. மில்லிமோல் கணக்கில் காட்டும் மெஷின் என்றால் 3.9. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி இவையெல்லாம் முன்னறிவிப்பு. 54க்குக் கீழே மூளை தடுமாறும்: குழறிய பேச்சு, சிடுசிடுப்பு, சம்பந்தமில்லாத வேலை. அப்பா புரோப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா பாருங்கள். கல்லீரல் நோயில் ரத்தக் கசிவைத் தடுக்க அடிக்கடி எழுதுவார்கள். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஆகவே தலையணை நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது உங்கள் வீட்டில் ஒரு நல்ல பரிசோதனை. அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு இந்த முன்னறிவிப்புகளும் மழுங்கிப் போகும், நேராகக் குழப்பத்தில் போய் நிற்பார்கள்.

நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளூக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழச்சாறும் ஆகும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு அப்படியே படுக்க வைக்காதீர்கள், மாவுச்சத்தும் புரதமும் உள்ள ஏதாவது சாப்பிட வையுங்கள். கிளிமிபிரைடால் இறங்கிய சுகர் ஒரு முறை ஏறிவிட்டு மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்கக்கூட இந்த ஏற்ற இறக்கம் இருக்கலாம். அந்த மாத்திரையால் இறங்கியது என்று தெரிந்தால் பெரும்பாலும் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதுதான் பாதுகாப்பு. அகார்போஸ் என்ற மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும். குளூக்கோஸ் பொடிதான் வேண்டும்.

நினைவு இல்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். பயத்தில் எல்லாரும் செய்கிற தப்பு அது. நேராக நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குளுக்ககான் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் போடலாம். ஆனால் அது கல்லீரலின் சேமிப்பைத் திறந்துவிடும் ஊசி. சேமிப்பே காலியாக இருந்தால் திறந்து என்ன பயன்? அதை மட்டும் நம்பி ஆம்புலன்ஸைத் தள்ளிப் போட வேண்டாம்.

இரவில் பெரிய இடைவெளி விடாதீர்கள். பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கொஞ்சமாக, படுக்கும்போது ஒரு முறை, பின்னிரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுப்பி ஒரு முறை. மெதுவாகக் கரையும் என்பதால் சமைக்காத மக்காச்சோள மாவை (கார்ன்ஸ்டார்ச்) தண்ணீரில் கலக்கிப் படுக்கும்போது கொடுக்கச் சொல்வதும் உண்டு. ருசி சுண்ணாம்பு மாதிரி இருக்கும், எல்லாருக்கும் இறங்காது. உணவியல் நிபுணரிடம் அளவு கேட்டுக்கொண்டு செய்யுங்கள். குளூக்கோஸ் பொடி, டம்ளர், மெஷின், டார்ச் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நாலு மணிக்கு அலமாரியைத் திறந்து தேடும் நிலை வேண்டாம். ஒரு நோட்டில் நேரம், எண், கடைசியாகச் சாப்பிட்டது, கொடுத்த மருந்து நான்கையும் எழுதி வையுங்கள். எவ்வளவோ ஸ்கேன்கள் சொல்லாததை அப்படிப்பட்ட நோட்டின் மூன்று பக்கம் எனக்குச் சொல்லியிருக்கிறது. முக்கியமாக, எல்லா லோவும் ஒரே நேரத்தில் வருகிறதா என்பது.

காரணம் கட்டிதான் என்று முடிவானால் நிலையான தீர்வு கட்டியைச் சுருக்குவதுதான். முழுக்க எடுக்க முடியாவிட்டாலும், அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துக் கொஞ்சம் சுருக்கினாலே சிலருக்கு லோ குறையும். அதற்கும் இடமில்லை என்றால் ஸ்டீராய்டு கைகொடுக்கும். பிரெட்னிசலோன் சுகரையும் ஏற்றும், ஐ.ஜி.எஃப்-2 சுரப்பதையும் தணிக்கும். உங்கள் அப்பா விஷயத்தில் இது அட்ரினல் குறையையும் சேர்த்துச் சமாளிக்கும். ஆகவே இரண்டு காரணமும் இருந்தாலும் ஒரே மருந்தில் மருத்துவர் முடித்துவிட வாய்ப்பு உண்டு. இன்சுலினோமாவுக்குக் கொடுக்கும் டையசாக்சைடு ஐ.ஜி.எஃப்-2 விஷயத்தில் பெரும்பாலும் உதவாது. யாராவது சொன்னார்கள் என்று கேட்டு வாங்க வேண்டாம். எந்த ஸ்டீராய்டு ஆரம்பித்தாலும், தீர்வதற்கு மூன்று நாள் முன்பே அடுத்த சீட்டு கையில் இருக்க வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் படிப்படியாகத்தான்.

இன்னொன்றையும் மனசில் வைத்திருங்கள். நோய் முற்றி, சிகிச்சையின் நோக்கமே நிம்மதி என்று ஆகும் நாட்களில், ஒரு நாளைக்கு ஆறு முறை விரலைக் குத்துவது யாருக்காக என்று கேட்க வேண்டி வரும். அந்தப் பேச்சை மருத்துவரோடும், முடிந்தால் அப்பாவோடும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பா அந்த இடத்தில் இல்லை. சரிசெய்யக் கூடிய காரணங்கள் இரண்டு கண்ணெதிரே இருக்கும்போது "கடைசிக் கட்டம்" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் அதைத்தான் அதிகம் தயங்கி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுகர் இறங்கும்போது மூளையில் முதலில் தள்ளாடுவது நிதானம், கவனம், இடம் ஆள் அடையாளம் இவைதான். பழைய பழக்கம் கடைசிவரை நிற்கும். அதனால்தான் அத்தனை குழப்பத்திலும் அவருக்குச் சட்டை போடத் தெரிந்தது, ஆபீஸ் ஞாபகம் வந்தது. எதிரே நின்ற மகளைத் தெரியவில்லை. வெறுப்போ மனமாற்றமோ அதில் இல்லை, புற்று மூளைக்குப் போய்விட்டது என்று இதை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. சர்க்கரை ஏறியதும் தெளிந்தார் என்பதே பெரிய ஆறுதல்.

அன்று விடிகாலை நடந்தது அவருக்கு அனேகமாக நினைவே இருக்காது. நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம். தட்டிவிட்ட கையைப் பற்றி யாராவது சொல்லி, அவர் உங்களிடம் கேட்டால், "சுகர் இறங்கியிருந்தது அப்பா, இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு விரலை நீட்டச் சொல்லுங்கள்.